கனடா ஸ்டடி பெர்மிட்: ஆஃபர் லெட்டர் முதல் விமான நிலையம் வரை

அமெரிக்க விசாவுக்குப் போகிறவர்கள் தூதரக ஜன்னல் முன்னால் நின்று இரண்டு வார்த்தையாவது பேசலாம். கனடா ஸ்டடி பெர்மிட்டில் பெரும்பாலும் அந்த வாய்ப்பு கிடையாது. உங்களை நேரில் பார்க்காத ஓர் அதிகாரி, நீங்கள் ஏற்றிய பிடிஎஃப்களை மட்டும் படித்துவிட்டு முடிவெடுப்பார். ஒரு தாளில் சொன்னதை இன்னொரு தாள் மறுத்தால், "சார், அது வந்து..." என்று விளக்க அங்கே ஆள் இல்லை. அதனால் ஃபைலில் உள்ள ஒவ்வொரு தாளும் மற்ற தாளோடு ஒத்துப்போக வேண்டும். அந்த ஃபைலில் என்ன இருக்கிறது என்பது, யார் தயாரித்துக் கொடுத்திருந்தாலும், உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் டிகிரி முடித்துவிட்டு, முதல்முறையாகக் கனடாவுக்கு விண்ணப்பிக்கும் மாணவரையும் அவருடைய வீட்டாரையும் மனதில் வைத்து எழுதுகிறேன். இலங்கையிலிருந்து விண்ணப்பிப்பவர்களுக்கும் நடைமுறை ஏறக்குறைய இதேதான். வங்கி, காணி ஆவணங்களின் பெயர்கள்தான் மாறும்.

தொடங்கும் முன் ஒரு எச்சரிக்கை. 2023-க்கு முன் போன அண்ணனோ அக்காவோ சொல்லும் வழி இப்போது பல இடங்களில் செல்லாது. வேகமாக முடிவு கிடைக்கும் என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்த எஸ்டிஎஸ் திட்டம் 2024 நவம்பர் 8-ஆம் தேதியோடு மூடப்பட்டுவிட்டது. காட்ட வேண்டிய பணம் இரட்டிப்புக்கும் மேலாகிவிட்டது. அவர்களிடம் ஊர், வீடு, குளிர் பற்றிக் கேளுங்கள். விதிமுறைக்கு மட்டும் கனடா குடிவரவுத் துறையான ஐஆர்சிசியின் இணையதளத்தையே பாருங்கள், விண்ணப்பத்தை அனுப்பும் நாளன்று இன்னொரு முறையும் பாருங்கள்.

பெர்மிட் வேறு, விசா வேறு

வீட்டில் எல்லோரும் "விசா வந்துடுச்சா?" என்றுதான் கேட்பார்கள். உண்மையில் இவை இரண்டு தனித்தனித் தாள்கள். விசா என்பது பாஸ்போர்ட்டில் ஒட்டப்படும் ஸ்டிக்கர். கனடா எல்லை வரை போய் உள்ளே நுழையக் கேட்பதற்கானது. ஸ்டடி பெர்மிட் என்பது கனடாவில் இறங்கிய பிறகு எல்லை அதிகாரி அச்சிட்டுத் தரும் தனித் தாள். அங்கே தங்கிப் படிக்கும் உரிமை அதில்தான் இருக்கிறது. இந்தியாவிலிருந்து நீங்கள் விண்ணப்பிப்பது பெர்மிட்டுக்கு. அது ஏற்கப்பட்டால் விசாவும் சேர்ந்தே வரும், அதற்கென்று தனி விண்ணப்பமோ கட்டணமோ இல்லை. ஏற்கப்பட்டதும் உங்களுக்கு வரும் அறிமுகக் கடிதத்தைத்தான் விமான நிலையத்தில் கொடுத்து பெர்மிட்டை வாங்க வேண்டும். பலர் அந்தக் கடிதத்தையே பெர்மிட் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

காலேஜைத் தேர்ந்தெடுக்கும்போதே பார்க்க வேண்டியவை

வெளிநாட்டு மாணவர்களைச் சேர்க்க எல்லாக் கல்லூரிகளுக்கும் அனுமதி இல்லை. அனுமதி பெற்றவற்றுக்கு டிஎல்ஐ எண் ஒன்று உண்டு. பட்டியல் ஐஆர்சிசி தளத்தில் இருக்கிறது. நீங்கள் விண்ணப்பிக்கும் கல்லூரியின் பெயரை அதில் நீங்களே தேடிப் பாருங்கள்.

அப்புறம், படிப்பு முடிந்ததும் வேலை பார்க்க உதவும் பிஜிடபிள்யூபி என்ற வேலை அனுமதி. நம் ஊரில் பெரும்பாலானவர்கள் கடன் வாங்கிப் போவதே இதை நம்பித்தான். ஆனால் எந்தப் படிப்பு படித்தாலும் அது கிடைக்கும் என்ற நிலை இப்போது இல்லை. 2024 நவம்பர் 1-ஆம் தேதிக்குப் பிறகு ஸ்டடி பெர்மிட்டுக்கு விண்ணப்பித்து, கல்லூரிகளில் டிப்ளமோ, சான்றிதழ் படிப்பு படிக்கிறவர்களுக்கு, அந்தப் படிப்பு அரசு குறித்துள்ள துறைகளில் ஒன்றாக இருந்தால்தான் வேலை அனுமதி. இளநிலை, முதுநிலை, முனைவர் பட்டங்களுக்கு இந்தத் துறைக் கட்டுப்பாடு இல்லை. மொழித் தேர்ச்சியும் காட்ட வேண்டும். கனடாவின் மொழித் திறன் அளவுகோலான சிஎல்பியில், பல்கலைக்கழகப் பட்டத்துக்கு 7, கல்லூரி டிப்ளமோவுக்கு 5. அரசுக் கல்லூரியின் பாடத்திட்டத்தைத் தனியார் கல்லூரி உரிமம் வாங்கி நடத்தும் படிப்புகளில் 2024 மே 15-க்குப் பிறகு சேர்ந்தவர்களுக்கு இந்த அனுமதியே கிடையாது. அட்மிஷன் சுலபமாகக் கிடைக்கிறது, கட்டணமும் குறைவு என்று யாராவது ஒரு கல்லூரியைச் சொன்னால், முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்.

இடம் உறுதியானதும் கல்லூரி தரும் சேர்க்கைக் கடிதம் மட்டும் இப்போது போதாது. 2024 ஜனவரி 22 முதல், மாகாண ஒப்புதல் கடிதம் ஒன்றும் வேண்டும். எல்லோரும் பிஏஎல் என்றுதான் சொல்வார்கள். எத்தனை மாணவர்களை எடுக்கலாம் என்று ஒவ்வொரு மாகாணத்துக்கும் ஓர் ஒதுக்கீடு உண்டு. அதில் உங்களுக்கு ஓர் இடம் இருக்கிறது என்பதற்கான சான்று அது. இதை நீங்கள் நேராக மாகாண அரசிடம் போய்க் கேட்க வேண்டியதில்லை, பெரும்பாலும் முன்பணம் கட்டியதும் கல்லூரி வழியாகவே வரும். கியூபெக் மாகாணத்துக்கு மட்டும் நடைமுறை வேறு. அங்கே சிஏக்யூ என்ற சான்றிதழுக்கு நீங்களே விண்ணப்பிக்க வேண்டும். 2026 ஜனவரி 1 முதல், அரசு நிறுவனங்களில் முதுநிலை அல்லது முனைவர் படிப்பில் சேர்கிறவர்களுக்குப் பிஏஎல் தேவையில்லை.

முன்பணம் கட்டும் முன் கல்லூரியின் ரீஃபண்ட் விதியைப் படித்துவிடுங்கள். பெர்மிட் மறுக்கப்பட்டால் எவ்வளவு திரும்ப வரும், மறுப்புக் கடிதத்தை எத்தனை நாளுக்குள் அனுப்ப வேண்டும் என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். லட்சக்கணக்கான ரூபாய் விஷயம் இது.

பெயர், இனிஷியல், பிறந்த தேதி

வேறு மாநிலத்தவருக்கு இவ்வளவு பெரிய தலைவலியாக இல்லாத ஒன்று நமக்கு உண்டு. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் "கார்த்திக் எஸ்" என்று இருக்கும். பாஸ்போர்ட்டில் "கார்த்திக் சுந்தரம்" என்று விரிந்திருக்கும். ஆதாரில் "எஸ் கார்த்திக்". வங்கிக் கணக்கில் அப்பா பெயர் முன்னால் வந்து "சுந்தரம் கார்த்திக்". நம்மைப் பொறுத்தவரை எல்லாம் ஒரே ஆள். ஒட்டாவாவில் உட்கார்ந்து படிக்கிறவருக்கு இது நான்கு பெயர்.

பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ அதுவே உங்கள் பெயர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கல்லூரி விண்ணப்பம், ஐஇஎல்டிஎஸ் பதிவு, வங்கிக் கடிதம், மருத்துவப் பரிசோதனை எல்லாவற்றிலும் அதே எழுத்து, அதே வரிசை. பாஸ்போர்ட்டை எடுத்துப் பாருங்கள். குடும்பப் பெயர் வரி காலியாக இருந்து, முழுப் பெயரும் கீழ் வரியில் இருக்கிறதா? அப்படியானால் ஐஆர்சிசி படிவத்தில் உங்கள் முழுப் பெயரையும் குடும்பப் பெயர் கட்டத்தில் எழுதி, மற்றக் கட்டத்தைக் காலியாக விட வேண்டும். துறை சொல்லும் முறையே இதுதான். பெயரை நீங்களாக இரண்டாகப் பிரித்துப் போடாதீர்கள்.

பாஸ்போர்ட்டைத் திருத்தி அப்பா பெயரைக் குடும்பப் பெயராகச் சேர்த்துவிடலாம் என்று நினைத்தால், கல்லூரிக்கு விண்ணப்பிக்கும் முன்பே அதைச் செய்துவிடுங்கள். சேர்க்கைக் கடிதம் வந்த பிறகு பாஸ்போர்ட்டில் கை வைத்தால், சேர்க்கைக் கடிதம், பிஏஎல், தேர்வு முடிவு என்று எல்லாவற்றின் பின்னாலும் ஓட வேண்டியிருக்கும். பழைய மார்க் ஷீட்டுகளில் இனிஷியல் மட்டும் இருப்பதை மாற்ற முடியாது; இந்தப் பெயர்கள் எல்லாம் ஒருவரையே குறிக்கின்றன என்று நோட்டரியிடம் ஒரு உறுதிமொழிப் பத்திரம் வாங்கிச் சேர்த்தால் போதும். பள்ளியில் சேர்க்கும்போது வயதைக் கூட்டியோ குறைத்தோ கொடுத்ததால் பிறப்புச் சான்றிதழிலும் மார்க் ஷீட்டிலும் தேதி வேறாக இருக்கும் வீடுகள் உண்டு. அதை மறைக்க முயலாமல், எது சரி, ஏன் மாறியது என்று உறுதிமொழியில் எழுதிவிடுங்கள்.

தமிழில் உள்ள ஆவணம் எதுவானாலும், அதாவது பத்திரம், பட்டா, பிறப்புச் சான்றிதழ், எல்லாவற்றுக்கும் ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும். சான்று பெற்ற மொழிபெயர்ப்பாளர் செய்யாவிட்டால், மொழிபெயர்த்தவரின் உறுதிமொழியும் சேர்ந்திருக்க வேண்டும். வீட்டில் ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவர் இருந்தாலும் குடும்பத்தினர் செய்த மொழிபெயர்ப்பை ஏற்க மாட்டார்கள்.

பணம்: எவ்வளவு என்பதோடு, எங்கிருந்து என்பதும்

முதலில் கணக்கு. 2025 செப்டம்பர் 1 முதல், தனியாகப் போகும் மாணவர், கியூபெக் தவிர்த்த மாகாணங்களில், ஓராண்டு வாழ்க்கைச் செலவுக்கு 22,895 கனடா டாலர் காட்ட வேண்டும். இன்றைய மதிப்பில் 14 முதல் 15 லட்சம் ரூபாய். இதோடு முதல் ஆண்டுக் கல்விக் கட்டணமும் பயணச் செலவும் தனி. 2023 முடியும் வரை இந்த வாழ்க்கைச் செலவுத் தொகை வெறும் 10,000 டாலராக இருந்தது. பழைய தகவலை நம்பி ஏமாறுகிறவர்கள் அதிகம் இருப்பது இங்கேதான்.

இதைக் காட்டப் பல வழிகள் உண்டு. கட்டணம் கட்டிய ரசீது, கல்விக் கடன் ஒப்புதல் கடிதம், நான்கு மாத வங்கி ஸ்டேட்மென்ட், பெற்றோரின் ஃபிக்ஸட் டெபாசிட், அப்புறம் ஜிஐசி. ஜிஐசி என்பது கனடா வங்கி ஒன்றில் நீங்கள் முன்கூட்டியே போடும் பணம். அங்கே போனதும் ஒரு பகுதி கையில் வரும், மீதி மாதாமாதம் கணக்கில் விழும். எஸ்டிஎஸ் மூடப்பட்ட பிறகு ஜிஐசி கட்டாயம் இல்லை. ஆனாலும் முடிந்தால் போடுங்கள் என்பேன். இந்தப் பணம் உண்மையில் இந்த மாணவருக்குத்தான், வேறெங்கும் போகாது என்பதை அது ஒரே தாளில் சொல்லிவிடுகிறது. போய் இறங்கியதும் வாடகை, முன்பணம் என்று செலவு வரும்போதும் கை கொடுக்கும்.

தொகை சரியாக இருந்தும் பணம் தொடர்பான காரணத்தால் மறுக்கப்படும் ஃபைல்களை எடுத்துப் பார்த்தால், பெரும்பாலும் சிக்கல் பணத்தின் வழியில் இருக்கும். அப்பாவுக்கு மாத வருமானம் 40,000 ரூபாய். கணக்கில் எப்போதும் ஐம்பது அறுபதாயிரம்தான் இருக்கும். விண்ணப்பத்துக்குப் பத்து நாள் முன்பு திடீரென்று பன்னிரண்டு லட்சம் வந்து விழுகிறது. அதிகாரிக்கு என்ன தோன்றும்? யாரிடமோ கைமாற்றாக வாங்கிப் போட்டுக் காட்டுகிறார்கள் என்றுதான்.

பெரிய வரவு ஒவ்வொன்றுக்கும் ஒரு தாள் இருக்க வேண்டும். இடம் விற்ற பணமா? கிரயப் பத்திரத்தின் நகல், அதில் உள்ள தேதியும் தொகையும் ஸ்டேட்மென்ட்டோடு பொருந்த வேண்டும். நகைக்கடனா? வங்கி கொடுத்த கடன் சீட்டு. பிஎஃப் எடுத்ததா? அந்தக் கணக்கின் விவரம். சீட்டு எடுத்த பணம் என்றால் பதிவு பெற்ற சீட்டு நிறுவனத்தின் ரசீது. ஸ்டேட்மென்ட்டின் அந்த வரியை மஞ்சள் மையால் குறித்து, பக்கத்தில் "இணைப்பு 4 பார்க்க" என்று போடுங்கள். அடுத்த பக்கத்திலேயே அந்த இணைப்பு இருக்கட்டும். படிக்கிறவர் தேட வேண்டிய நிலையே வரக்கூடாது.

விவசாயக் குடும்பங்கள் இதில் தயங்குகின்றன. ஃபார்ம் 16 கிடையாது, வருமான வரிக் கணக்கும் பலர் தாக்கல் செய்திருக்க மாட்டார்கள். அதற்காக வருமானமே இல்லை என்று ஆகிவிடாது. பட்டா, சிட்டா, சர்க்கரை ஆலையோ கொள்முதல் நிலையமோ கொடுத்த பணத்துக்கான வங்கி வரவுகள், பால் சங்கத்தில் வரும் தொகை, தாசில்தார் அலுவலக வருமானச் சான்றிதழ் எல்லாவற்றையும் சேர்த்து, ஓர் ஆண்டில் எந்த மாதம் எந்தப் பயிருக்கு எவ்வளவு வருகிறது என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். ஆடிட்டர் கொடுக்கும் சொத்து மதிப்புச் சான்றிதழைப் பலர் பெரிதாக நம்புகிறார்கள். ஒன்றரைக் கோடி மதிப்புள்ள நிலம் இருக்கிறது என்பது குடும்பத்தின் நிலையைக் காட்டும், அவ்வளவுதான். கட்டணத்தை நிலத்தால் கட்ட முடியாது. கையில் எடுக்கக்கூடிய பணத்துக்கு அது மாற்று ஆகாது.

கல்விக் கடன் வாங்குவதாக இருந்தால், சேர்க்கைக் கடிதம் வரும் வரை காத்திருக்காமல் வங்கியில் பேச்சைத் தொடங்குங்கள். 7.5 லட்சத்துக்கு மேல் போனால் அரசு வங்கிகள் வழக்கமாகச் சொத்து அடமானம் கேட்கும். அப்போது தாய்ப் பத்திரம், வில்லங்கச் சான்றிதழ், வங்கி வக்கீலின் சட்டக் கருத்து, மதிப்பீட்டாளரின் அறிக்கை என்று வரிசையாக வரும். தாத்தா பெயரிலேயே இருக்கும் வீடு, பாகம் பிரிக்காத நிலம் என்றால் அங்கேயே மாதங்கள் ஓடிவிடும். செப்டம்பரில் வகுப்பு என்றால் ஜனவரியிலேயே பத்திரங்களைத் தூசி தட்டி எடுத்துவிடுவது நல்லது.

பணம் கொடுப்பவர்கள் எவ்வளவு குறைவாக இருக்கிறார்களோ அவ்வளவு நல்லது. அப்பா, அம்மா, கடன் என்ற மூன்றோடு நின்றால் படிக்க எளிது. சித்தப்பா மூன்று லட்சம், மாமா இரண்டு லட்சம் என்று ஆறு பேர் சேர்ந்தால், ஆறு பேரின் வருமானத்தையும் உறவுமுறையையும் நிரூபிக்க வேண்டும். அவர்கள் ஏன் தருகிறார்கள் என்ற கேள்வியும் சேர்ந்து வரும்.

விளக்கக் கடிதம்

ஏன் இந்தப் படிப்பு, ஏன் இந்தக் கல்லூரி என்று நீங்கள் எழுதும் கடிதம் இது. படிவத்தில் கட்டாயம் என்று இருக்காது. ஆனாலும் கண்டிப்பாக வையுங்கள். உங்கள் குரல் அந்த ஃபைலில் கேட்கும் ஒரே இடம் இதுதான்.

இணையத்தில் கிடைக்கும் மாதிரிக் கடிதங்களில் எல்லாம் ஒரே வரிகள்: "கனடா பல பண்பாடுகள் கலந்து வாழும் அமைதியான நாடு. உலகத் தரம் வாய்ந்த கல்வி அங்கே கிடைக்கிறது. சிறு வயது முதலே வணிக மேலாண்மையில் எனக்கு ஆர்வம்." இதில் எழுதியவர் யார் என்று ஏதாவது தெரிகிறதா? பெயரை மாற்றி யார் வேண்டுமானாலும் கையெழுத்துப் போடலாம்.

ஒரு மெக்கானிக்கல் பட்டதாரியை எடுத்துக்கொள்வோம். ஒரகடத்தில் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் இரண்டு ஆண்டு தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை. அவர் இப்படி எழுதலாம்: "எங்கள் லைனில் சென்ற ஆண்டு கேமரா வைத்துப் பாகங்களைச் சோதிக்கும் கருவிகள் வந்தன. அவற்றை இயக்க எனக்குத் தெரியும். நிரல் எழுதித் திருத்த வெளியிலிருந்து ஆள் வர வேண்டியிருக்கிறது. இந்தப் படிப்பின் இரண்டாம் பருவத்தில் இயந்திரப் பார்வை, மூன்றாம் பருவத்தில் ரோபோ கட்டுப்பாடு என்று பாடங்கள் இருக்கின்றன. கோவையிலும் சென்னையிலும் இதற்கு நெருக்கமான இரண்டு முதுநிலைப் படிப்புகளைப் பார்த்தேன். அவற்றில் இந்தத் தொழிற்சாலைப் பயிற்சிப் பருவம் இல்லை." இந்த வரிகளை வேறு யாரும் எழுத முடியாது. பாடத்தின் பெயர்களைக் கல்லூரித் தளத்திலிருந்து பார்த்து எழுதியிருக்கிறார். இங்கேயே ஏன் படிக்கவில்லை என்ற கேள்வியை அதிகாரி கேட்கும் முன்பே எடுத்துப் பேசிவிட்டார். குறைந்த செலவில் உள்ளூரிலேயே கிடைக்கும் படிப்புக்கு ஏன் இருபத்தைந்து லட்சம் செலவழிக்கிறார் என்பது மறுப்புக் குறிப்புகளில் அடிக்கடி வரும் கேள்வி.

அரியர் இருந்ததா, படிப்பு முடிந்து ஒன்றரை ஆண்டு சும்மா இருந்தீர்களா, அதையும் சொல்லுங்கள். போட்டித் தேர்வுக்குப் படித்தேன் என்றால் ஹால் டிக்கெட்டை இணையுங்கள். அம்மாவுக்கு உடம்பு சரியில்லாமல் வீட்டில் இருந்தேன் என்றால் ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் தாள். முதலில் எம்பிஏ முடித்துவிட்டு இப்போது ஓராண்டு டிப்ளமோவுக்குப் போவது போல மேலிருந்து கீழே வருகிறீர்கள் என்றால் அதற்கான காரணம் மிகத் தெளிவாக இருக்க வேண்டும்.

படிப்பு முடிந்ததும் திரும்புவீர்களா என்ற கேள்வி எல்லோரையும் பதற வைக்கிறது. சட்டப்படி, அனுமதிக்கப்பட்ட காலம் முடிந்ததும் கனடாவை விட்டு வெளியேறுவீர்கள் என்று அதிகாரி நம்ப வேண்டும். அதே சமயம், பிற்காலத்தில் நிரந்தரமாகக் குடியேறும் எண்ணம் இருப்பதே குற்றமில்லை என்றும் குடிவரவுச் சட்டத்தின் 22(2) பிரிவு சொல்கிறது. ஆகவே "கனடாவை எனக்குப் பிடிக்கவே பிடிக்காது, மறுநாளே திரும்பிவிடுவேன்" என்று செயற்கையாக எழுத வேண்டாம். பிஆர் வாங்கத்தான் போகிறேன் என்ற தொனியும் வேண்டாம். இந்தப் படிப்போடு இங்கே எந்த மாதிரி நிறுவனத்தில், என்ன பொறுப்புக்குப் போக முடியும் என்று உண்மையான இரண்டு மூன்று வேலை விளம்பரங்களைப் பார்த்து எழுதுங்கள். கனடாவில், ஸ்காபரோவில் அத்தை இருக்கிறார் என்றால் அதை மறைக்காதீர்கள். கேட்ட இடத்தில் சொல்லிவிடுங்கள். உறவினர் இருப்பதைவிட, இருப்பவரை மறைத்தது பெரிய சிக்கல்.

ஒன்றரைப் பக்கம் போதும்.

படிவம், கட்டணம், கைரேகை, மருத்துவம்

விண்ணப்பம் இணையம் வழியாகத்தான். ஐஆர்சிசி தளத்தில் உங்கள் சொந்த மின்னஞ்சலில் கணக்குத் தொடங்குங்கள். வேறொருவர் நிரப்பினாலும் கணக்கும் கடவுச்சொல்லும் உங்கள் கையில் இருக்கட்டும். படிப்பு, வேலை வரலாற்றில் மாத இடைவெளி இல்லாமல் எழுத வேண்டும். சும்மா இருந்த மாதங்களையும் அப்படியே குறிப்பிடுங்கள். எந்த நாடாவது உங்களுக்கு விசா மறுத்திருக்கிறதா என்று ஒரு கேள்வி வரும். அது கனடாவுக்கு மட்டுமானது இல்லை. மூன்று ஆண்டுக்கு முன் அமெரிக்க விசா மறுக்கப்பட்டிருந்தாலும் "ஆம்" என்றுதான் போட வேண்டும். பொய்யான தகவல் கொடுத்ததாக முடிவானால் ஐந்து ஆண்டு கனடாவுக்குள் நுழையவே தடை. மறுப்பைவிட இது பல மடங்கு மோசம்.

ஒவ்வொரு ஆவண வகைக்கும் ஒரே ஒரு கோப்புதான் ஏற்ற முடியும். அதனால் பண ஆவணங்கள் எல்லாவற்றையும் ஒரே பிடிஎஃப்பாகச் சேர்த்து, முதல் பக்கத்தில் பக்க எண்களோடு ஓர் அட்டவணை வையுங்கள். ஸ்கேன் தெளிவாக இருக்க வேண்டும்; செல்போனில் சாய்வாக எடுத்த படம் வேண்டாம்.

பெர்மிட் கட்டணம் 150 டாலர், கைரேகைக்கு 85 டாலர். கட்டியதும் கைரேகை கொடுக்கச் சொல்லி ஒரு கடிதம் வரும். அதிலிருந்து 30 நாளுக்குள், கைரேகை எடுக்கும் விஎஃப்எஸ் விசா விண்ணப்ப மையத்தில் நேரம் பதிவு செய்து போய்விட்டு வாருங்கள்; சென்னையிலேயே மையம் இருக்கிறது. ஒருமுறை கொடுத்தால் பத்து ஆண்டுக்குச் செல்லும்.

ஆறு மாதத்துக்கு மேல் தங்கப் போகும் இந்திய மாணவர்களுக்கு மருத்துவப் பரிசோதனை கட்டாயம். ஐஆர்சிசி பட்டியலில் உள்ள மருத்துவரிடம் மட்டுமே செய்ய முடியும், குடும்ப டாக்டர் கொடுக்கும் சான்றிதழ் செல்லாது. விண்ணப்பிக்கும் முன்பே செய்துகொண்டு அந்தத் தாளை இணைத்தால் நேரம் மிச்சம். முடிவு 12 மாதம்தான் செல்லும் என்பதால் ரொம்ப முன்கூட்டியும் வேண்டாம்.

இதற்குள் பாஸ்போர்ட்டின் காலாவதித் தேதியையும் பார்த்துவிடுங்கள். பெர்மிட்டை பாஸ்போர்ட் முடியும் தேதியைத் தாண்டித் தர மாட்டார்கள். இரண்டு ஆண்டுப் படிப்புக்கு ஒன்றரை ஆண்டே மீதமுள்ள பாஸ்போர்ட்டோடு போனால், நடுவில் அங்கே பெர்மிட்டை நீட்டிக்க அலைய வேண்டியிருக்கும்.

அனுப்பிய பிறகு, உங்கள் சேர்க்கைக் கடிதம் உண்மையானதா என்று ஐஆர்சிசி கல்லூரியிடம் நேரடியாகக் கேட்கும். 2023-இல் போலிச் சேர்க்கைக் கடிதங்களோடு போய் மாட்டிக்கொண்ட பஞ்சாப் மாணவர்களின் செய்தி நினைவிருக்கலாம். அந்த ஆண்டு டிசம்பர் 1 முதல் இந்தச் சரிபார்ப்பு நடைமுறைக்கு வந்தது. பல மாணவர்களுக்குத் தங்கள் கடிதம் போலி என்பதே தெரியாது; ஏஜென்ட் கொடுத்ததை அப்படியே நம்பியிருந்தார்கள்.

ஏஜென்ட் வேண்டுமா?

கட்டாயம் இல்லை. இணையத்தில் ரயில் டிக்கெட் போட்டு, கல்லூரி விண்ணப்பத்தை ஆங்கிலத்தில் நிரப்பத் தெரிந்த ஒருவரால் இதையும் செய்ய முடியும். உதவி வேண்டும் என்றால் இரண்டு விதமானவர்களைப் பிரித்துப் பாருங்கள். கல்லூரியில் இடம் வாங்கித் தரும் ஏஜென்டுகளுக்குப் பெரும்பாலும் கல்லூரியே கமிஷன் தருகிறது. அவர்கள் காட்டும் பட்டியலில் கமிஷன் தரும் கல்லூரிகள்தான் முன்னால் நிற்கும். குடிவரவு ஆலோசனையைக் காசு வாங்கிக்கொண்டு சொல்ல, கனடா சட்டப்படி உரிமம் வேண்டும். வக்கீல்களுக்கு அது உண்டு. அல்லது ஆர்சிஐசி என்ற உரிமம் பெற்ற ஆலோசகர்கள். அவர்களின் உரிம எண்ணைக் கனடா ஆலோசகர் கழகத்தின் பொதுப் பதிவேட்டில் நீங்களே தேடிப் பார்க்கலாம். காசு வாங்கிக்கொண்டு உங்கள் ஃபைலைத் தயாரிக்கிறவர், பிரதிநிதிப் படிவத்தில் தன் பெயரைப் போட மறுத்தால், அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

"நூறு சதவீதம் விசா உறுதி", "பணத்தை நாங்களே கணக்கில் காட்டிவிடுகிறோம்" என்று சொல்பவர்களிடமும் அப்படியே. கையெழுத்து உங்களுடையது. தடை வந்தால் அதுவும் உங்கள் பெயரில்தான் வரும்.

மறுத்துவிட்டால்

மறுப்புக் கடிதம் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தது போல இருக்கும்: "நீங்கள் கனடாவை விட்டு வெளியேறுவீர்கள் என்று நம்பவில்லை", "வருகையின் நோக்கம் பொருந்தவில்லை". 2025 ஜூலை முதல் சில மறுப்புக் கடிதங்களோடு அதிகாரி எழுதிய குறிப்பையும் சேர்த்து அனுப்பத் தொடங்கியிருக்கிறார்கள். அது வந்திருந்தால் நான்கு முறை படியுங்கள். உண்மையான காரணம் அதில்தான் இருக்கும். வராவிட்டால், கனடாவில் உள்ள ஒருவர் மூலம் அந்நாட்டுத் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் ஜிசிஎம்எஸ் குறிப்புகளை, அதாவது ஐஆர்சிசியின் கணினியில் உங்கள் ஃபைல் பற்றிப் பதிவான குறிப்புகளை, கேட்டு வாங்கலாம்.

மறுபடி விண்ணப்பிக்கக் காத்திருப்புக் காலம் எதுவும் இல்லை. அதற்காக அதே ஃபைலை அடுத்த வாரமே அனுப்பினால் அதே பதில்தான் வரும். குறிப்பில் பணத்தின் வழி தெளிவாக இல்லை என்றிருந்தால், அதற்கான தாள்களைச் சேர்த்து, கடிதத்தின் முதல் பத்தியிலேயே "சென்ற முறை இந்த ஐயம் எழுந்தது, இதோ அதற்கான ஆதாரம்" என்று தொடங்குங்கள். எல்லா ஆதாரமும் இருந்தும் அதிகாரி பார்க்காமலே விட்டுவிட்டார் என்பது தெளிவாகத் தெரிந்தால், கனடா கூட்டாட்சி நீதிமன்றத்தை அணுகலாம். வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு 60 நாள் அவகாசம். அதற்கு அங்குள்ள வக்கீல் வேண்டும், செலவும் அதிகம்.

இறங்கிய அன்று

சேர்க்கைக் கடிதம், பிஏஎல், அறிமுகக் கடிதம், பண ஆவணங்கள் எல்லாம் கைப்பையில் இருக்கட்டும். பெரிய பெட்டியில் போட்டுவிட்டால் குடிவரவுக் கவுன்ட்டரில் எடுக்க முடியாது. எல்லை அதிகாரி என்ன படிக்கப் போகிறீர்கள், எங்கே, செலவுக்கு யார் என்று கேட்பார். உங்கள் ஃபைலில் எழுதியதையே பதிலாகச் சொன்னால் போதும். நீண்ட பயணக் களைப்பில் வெளியேறும் அவசரத்தில் பெர்மிட் வாங்காமலே போய்விடாதீர்கள். அதற்கென்று தனி வரிசை இருக்கும், எவ்வளவு நேரமானாலும் நில்லுங்கள்.

பெர்மிட் கைக்கு வந்ததும் அந்தக் கவுன்ட்டரை விட்டு நகராமல் ஒரு நிமிடம் படியுங்கள். பெயர் எழுத்துகள், பிறந்த தேதி, பாஸ்போர்ட் எண், கல்லூரி. காலாவதித் தேதி பொதுவாகப் படிப்புக் காலத்தோடு 90 நாள் சேர்ந்து இருக்கும். வளாகத்துக்கு வெளியே வேலை பார்க்கலாம் என்ற வரி நிபந்தனைகளில் இருக்கிறதா என்றும் பாருங்கள். பிழை இருந்தால் அங்கேயே பணிவாகச் சொல்லுங்கள். ஐந்து நிமிடத்தில் திருத்தித் தருவார்கள். வெளியே வந்த பிறகு அதே திருத்தத்துக்குப் படிவம் அனுப்பி மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

அடுத்த சில நாளில் சின் எனப்படும் சமூகக் காப்பீட்டு எண்ணுக்கு விண்ணப்பியுங்கள். வெளிநாட்டு மாணவர்களுக்கு அது 9-இல் தொடங்கும், அது இல்லாமல் வேலைக்குச் சேர முடியாது. வகுப்பு தொடங்கும் முன் வேலை பார்க்கக் கூடாது. தொடங்கிய பிறகு, வகுப்பு நடக்கும் காலத்தில் வளாகத்துக்கு வெளியே வாரம் 24 மணி நேரம் வரை பார்க்கலாம். கல்லூரியை மாற்ற நினைத்தால், 2024 நவம்பர் 8-க்குப் பிறகு புதிய பெர்மிட்டுக்கு விண்ணப்பித்தே ஆக வேண்டும். முன்பு போல இணையத்தில் கல்லூரிப் பெயரை மட்டும் மாற்றிவிட்டுப் போக முடியாது. பெர்மிட்டை நீட்டிக்க வேண்டியிருந்தால், அதன் காலாவதித் தேதிக்கு முன்பே விண்ணப்பம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். அந்தத் தேதியையும் பாஸ்போர்ட் முடியும் தேதியையும் செல்போன் காலண்டரில் மூன்று மாதம் முன்னதாகவே நினைவூட்டும்படி இறங்கிய அன்றே போட்டுவிடுங்கள்.